மேடை யாருக்கு?

கலை எல்லார்க்கும் பொது என்கின்றனர். செவிக்கு இனிக்கும் பேச்சு! பொதுவான கலைக்கு மேடை மட்டும் ஏன் சிலருக்கே என்று கேட்டால், பேசியவர் முகம் சுளிக்கிறது. சுளிக்கட்டும், நாம் கேள்வியை விடுவதாயில்லை.

மார்கழிக் கச்சேரிகளில் முழங்கும் மிருதங்கத்தைப் பாருங்கள். பலாமரத்தைக் குடைந்து, ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பதமாக்கி, எருமைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டி, வலந்தலையில் சோற்றுடன் கருநிறக் கற்பொடியை அப்பித் தேய்த்து நாதத்தை வரவழைக்கின்றனர் தொழிலாளர். நாதம் பிறந்ததா இல்லையா என்று முதலில் சொல்வது அவர்தம் செவி. அந்தச் செவிக்கு இசையறிவு இல்லையென்று எவர் சொல்வார்? ஆயினும், தோலைத் தொட்ட கை தீட்டாம். அக்கை செய்த கருவி தெய்வீகமாம்! மாட்டின் தோல் மண்டபத்துக்குள்ளே. தோலைப் பதமாக்கியவர் மண்டபத்துக்கு வெளியே! இதற்குப் பெயர் பண்பாடா?

பாலக்காடு மணி ஐயரின் பெயரை இசையுலகம் அறியும். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்துவின் பெயரை எத்தனை பேர் அறிவர்? தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்த தலித் கிறித்தவக் குடும்பங்களின் வரலாற்றைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டு நூலாக்கினார். அதன் வெளியீட்டுக்கு இடந்தர இசைந்திருந்த கலாசேத்திரா, விழாவுக்குச் சில நாள் முன்னர் அனுமதியைத் திரும்பப் பெற்றது. வெளியே நின்றவர்களைப் பற்றிய நூலும் வெளியே நின்றது!

"நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதியையே பார்க்கிறோம்" என்பர். தகுதி வானத்திலிருந்து விழுகிறதா? ஐந்து வயதில் ஆசிரியர், வீட்டிலே கருவி, அன்றாடம் சாதகம் செய்ய ஓய்வு, அரங்கேற்றத்துக்குப் பணம், அறிமுகம் செய்ய உறவினர் — இத்தனையும் ஒருவனுக்கு வாய்க்கிறது. மற்றொருவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பின்னர் இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்லி, முந்தியவனை 'பிறவி ஞானி' என்று போற்றுகின்றனர். பிறவி தந்தது ஞானமன்று, வாய்ப்பு!

"கதவு திறந்துதானே இருக்கிறது, காலைக் கச்சேரிக்குக் கட்டணமும் இல்லையே" என்பாரும் உண்டு. உள்ளே வந்து கைதட்டலாம் என்பது அழைப்பு. மேடையேறலாம் என்பது உரிமை. எது கலை என்று தீர்ப்பளிக்கும் குழுவில் அமரலாம் என்பதே சமத்துவம். முதலாவதைக் கொடுத்துவிட்டு மூன்றாவதைக் கொடுத்ததாகக் கணக்கெழுதுவது ஏமாற்று.

இளைஞர்கள் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. 2018ஆம் ஆண்டு சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் பறையையும் மேற்கத்திய கருவிகளோடு இணைத்துச் சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்டனர். 2020இல் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மார்கழி எவருடைய தனிச்சொத்தும் அன்று என்பதைச் செயலால் உணர்த்தியது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்கிறோம்! ஆனால், ஒருவர் மார்பில் பதக்கம் மின்னுவதால் ஊரின் இருள் நீங்கிவிடாது. விருது ஒருவருக்கு, உரிமையோ எல்லார்க்கும் வேண்டும்.

இளைஞர்களே! கைதட்டுவதோடு நின்றுவிடாதீர். கச்சேரி முடிவில் பாடியவர் பெயரைச் சொல்வோர், கருவி செய்தவர் பெயரையும் சொல்லட்டும் என்று கேளுங்கள். பள்ளியில் வீணைக்கு இடமுண்டெனில் பறைக்கும் இடமுண்டா என்று கேளுங்கள். தேர்வுக் குழுவில் எவரெவர், எத்தனை காலமாக என்று கேளுங்கள். கேட்பது கலைக்குப் பகையாகாது. கலையைச் சிறை மீட்கும் முதல் வேலை அதுவே.

உழைத்தவன் கை தீட்டென்றால் மிருதங்கம் ஒலிக்காது. மிருதங்கம் ஒலிக்கிறதெனில் அந்தக் கைக்கும் மேடையில் இடமுண்டு!