அறிந்தவர் கடன்

அறிந்தவர் அறியாதவருக்கு விளக்கிச் சொல்வது தானமா, கடனா? தானமெனின், விரும்பியபோது வழங்கலாம். விரும்பாதபோது கையை மூடிக்கொள்ளலாம். கடனெனின், கேட்பவருக்கு உரிமை உண்டு; கொடுப்பவர் தட்டிக்கழிக்க இடமில்லை. இவ்வினாவுக்கு விடை தேடிச் சர்வகலாசாலைகளின் பெருவாயிலிற் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் தவறணைகளுக்குள் எட்டிப்பார்த்தாலே போதும்.

தவறணையில் விஞ்ஞானமா என்று நம் வாசகருட் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கள்ளும் சாராயமும் உழைப்பாளியின் கூலியை உறிஞ்சுவதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். அவ்வெறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தொழிலாளிக்குக் கூடிப்பேச வேறு மண்டபம் ஏது? ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகள் வசதி படைத்தோருக்கும் அரச திருச்சபையைச் சார்ந்தோருக்குமே உரியனவாய் இருந்தன. அவனுக்குக் குளிருக்கு நெருப்பும், இரவுக்கு விளக்கும், அமர ஓர் ஆசனமும் தந்தது பெரும்பாலும் தவறணையே.

இலண்டனில் பட்டு நெசவாளர் நிறைந்து வாழ்ந்த ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் 1717 ஆம் ஆண்டு கணிதக் கழகமொன்று தோன்றித் தவறணையிற் கூடிற்று. ஓர் அங்கத்தவர் கணிதத்திலோ இயற்கைத் தத்துவத்திலோ ஐயம் வினவினால், வினவப்பட்டவர் தமக்கியன்ற மிக எளிய முறையில் அதனை விளக்குதல் கடமை என்பது அக்கழகத்தின் விதி. அறிவைக் கடனாகக் கண்ட விதி இது. தறியை விட்டு எழுந்து வந்தவர்கள் நிறைந்த கழகத்தில் இவ்விதி பிறந்தது தற்செயலன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லங்காஷயர் நெசவாளரும் பிற கைவினைஞரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தவறணைகளிற் கூடித் தாவரவியல் பயின்றனர். ஒவ்வொருவரும் கொணர்ந்த செடியைத் தலைவர் உயர்த்திப் பிடித்து அதன் பெயரை உரக்கக் கூறுவார். சேர்ந்த பணத்திற் பொதுவாக நூல்கள் வாங்கப்பட்டன. ஜோன் ஹோர்ஸ்பீல்ட் என்னும் கைத்தறி நெசவாளர் லின்னேயசு வகுத்த தாவர வகுப்புகளைத் தறிக்காலில் ஒட்டிவைத்து, நெய்துகொண்டே மனனஞ் செய்தார். பாமரனுக்கு விஞ்ஞானம் விளங்காது என்போர் அத்தறிக்காலை நினைத்துப் பார்ப்பாராக!

இக்கூட்டங்களை நாம் பொற்காலமாக்கிப் பாட வேண்டியதில்லை. அங்கே பெண்களுக்குப் பெரும்பாலும் இடமிருக்கவில்லை. ஸ்பிட்டல்பீல்ட்ஸ் கழகமும் நாளடைவில் நலிந்து, 1845 இல் அரச வானியற் கழகத்துள் தன் நூல்களோடு கரைந்துபோயிற்று. எனினும், கேட்பவனுக்கு உரிமை உண்டு என்னும் எண்ணம் கரைந்துவிடவில்லை.

1990 ஆம் ஆண்டு, மாடுகளின் மூளையைச் சிதைக்கும் நோய் பரவிய வேளையில், மாட்டிறைச்சியால் மனிதருக்குத் தீங்கில்லை என்று பிரித்தானிய அரசு மக்களுக்கு உறுதி கூறிற்று. 1996 இல் அந்நோய்க்கும் மனித மரணங்களுக்கும் தொடர்பிருக்கலாமென அதே அரசு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மேலிருந்து சொல்லப்பட்டதை நம்பி உண்டவர்கள் சாதாரண மக்கள். நம்பிக்கை குலைந்த அக்காலத்திலேதான், 1998 இல், லீட்ஸ் நகரின் மதுச்சாலையொன்றில் டங்கன் டலஸ் என்பவர் ‘கஃபே சயன்டிஃபீக்’ என்னும் கூட்டங்களைத் தொடக்கினார். விஞ்ஞானி சிறிது நேரமே பேசுவார். குவளைகளை நிரப்பிக்கொள்ள ஓர் இடைவேளை. பின்னர், பேச்சைக் காட்டிலும் நீண்ட நேரம் கேள்விகளுக்கே. 2013 இல் தொடங்கிய ‘பைன்ட் ஒஃப் சயன்ஸ்’ விழா இன்று பல நாடுகளின் மதுச்சாலைகளில் ஆராய்ச்சியாளரை அமர்த்துகின்றது.

உண்மையை வாக்கெடுப்பால் நிர்ணயிக்கலாகுமா என்பர் சிலர். ஆகாது. பூமியின் ஈர்ப்பு எவருடைய சம்மதத்தையும் கேட்பதில்லை. ஆனால், அறிந்ததைக்கொண்டு என்ன செய்வது, எவ்வபாயத்தை யார்மேற் சுமத்துவது என்பன ஆய்வுகூடம் மாத்திரம் தீர்க்கக்கூடியவை அல்ல. சுமப்பவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. அன்றியும், அறிவு தனியொருவரின் உடைமையன்று. ஸ்பிட்டல்பீல்ட்ஸில் பட்டு நெய்த ஜோன் டொலண்ட் என்பாரே பின்னர் வில்லைத் தொழிலில் இறங்கி, நிறச்சிதறலைக் குறைக்கும் தொலைநோக்கி வில்லைக்கு 1758 இற் காப்புரிமை பெற்றார். ஆய்வுகூடத்தின் செங்கல்லிலும் கருவியிலும் முகமறியாத உழைப்பாளர் பலரின் வியர்வை உண்டு. அதன் செலவிற் பெரும்பங்கு மக்களின் வரி. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பவர் தம்மை வள்ளல் என்று கூறிக்கொள்ள முடியாது.

ஆதலின், விஞ்ஞானி மதுச்சாலைக்கு இறங்கி வந்தார் என்று நாம் கைதட்ட வேண்டியதில்லை. நகைச்சுவை கலந்து வியப்பூட்டிச் செல்வாராயின், அது இன்னொரு களியாட்டமே. நுழைவுச்சீட்டுக்குப் பணமில்லாதவரும் மது அருந்தாதவரும் வாயிலில் நின்றுவிடுவராயின், அது இன்னொரு மதிலே. அங்கு கேட்கப்படும் கேள்வி, பேசுபவரைத் தம் முடிவை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்கிறதா என்பதே உரைகல்.

இவ்வுரைகல் தவறணைக்கு மாத்திரம் உரியதன்று. வகுப்பறையில் கை உயர்த்தும் மாணவனை ‘பேசாதிரு’ என்று அமர்த்தும் ஆசிரியரும் கடன் தீர்க்காதவரே.