உறைக்குள்ளேயே தொடங்கும் குறி

1976-இல் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் உருவான ஐபிஎஸ்சி என்ற கைத்துப்பாக்கிப் போட்டி அமைப்பின் முழக்கத்தில் மூன்று சொற்கள்: துல்லியம், ஆற்றல், வேகம். வேகம் கடைசியில்தான் வருகிறது.

புதிதாக வருபவர்களோ உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும்போது கை பறப்பதைப் பார்த்தே மயங்குகிறார்கள். நான் கவனிப்பது வேறு. துப்பாக்கி உறையை விட்டு வெளியே வருமுன் உள்ளங்கை பிடியின் உச்சிவரை ஏறிப் பதிந்ததா? அங்கே கை பிசகினால், நீட்டிய பிறகு திருத்த நேரமில்லை. முதல் குண்டு தப்பித்தவறி இலக்கில் பட்டாலும் இரண்டாவது விலகும். மற்றக் கை சும்மா தொங்காமல் நெஞ்சருகே வந்து காத்திருக்க வேண்டும். இரண்டும் அங்கே சேர்ந்து முன்னே நீளும்போது, கண் ஏற்கெனவே இலக்கில் நிலைத்திருக்கும். குறி சேரும்வரை ஆள்காட்டி விரல் விசைக்கு வெளியே, நேராக. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது!

இப்படித் துப்பாக்கியை எடுத்துப் பழகக் குண்டே தேவையில்லை என்பது எவ்வளவு நல்ல விஷயம்! துப்பாக்கி காலிதானா என்று இருமுறை பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு, பாதி வேகத்தில் எடுக்கலாம். தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா, தலை துப்பாக்கியைத் தேடிக் குனிகிறதா என்பதெல்லாம் அந்த நிதானத்தில்தான் தெரியவரும்.