வேரறுத்தது யார்?

புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த சிறு சமூகமொன்று வாழ்கின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடிமைகளாகவும், ஆங்கிலேயர் படைவீரராகவும் கொணர்ந்தோரின் சந்ததியினர் அவர்கள். ‘காப்பிரி’ என்னும் பெயரின் மூலம், இறைமறுப்போரைக் குறிக்கும் அரபுச் சொல். அதைச் சுமப்போரோ பெரும்பாலும் கத்தோலிக்கர்! ஞானஸ்நானத்தில் சூட்டப்பட்ட போர்த்துக்கேயப் பெயருக்குள் பாட்டனின் ஊரும் குலமும் புதையுண்டன.

காணியுறுதியையும் சீதன ஓலையையும் புரட்டி ஏழு தலைமுறை எண்ணிக் காட்டுவோர், இவர்களை வேரற்றவர் என்பது நியாயமா? சொத்துள்ளவனுக்கே வம்சாவளி தேவைப்பட்டது, எழுதியும் வைத்தான். அடிமையின் விற்பனைச் சீட்டுக்கோ வயதும் விலையும் போதும். பெற்றவள் யாரென்று அது ஏன் கேட்கப்போகிறது? 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அறுந்த வழியைச் சட்டம் முடிந்து தரவில்லை. அந்த இடைவெளியில் கற்பனை அரசனொருவனை நட்டுப் பெருமை தேடுவதும் விற்றவனின் குற்றத்தை மறைப்பதே.

போர்த்துக்கேயக் கிரியோல் அவர்கள் பேச்சில் அருகிவிட்டது. அம்மொழியின் மாஞ்சாப் பாடல்களை மட்டும் இன்றும் கூடிப் பாடுகின்றனர்.