அரக்கில் ஒட்டிய புல்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் வாக்கர்ஸ்டார்ஃப் என்றோர் ஊர். 1980-களில் அங்கே அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலை ஒன்றைக் கட்ட முனைந்தார்கள். மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். 1989-இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த இடம் பிறகு தொழிற்பூங்கா ஆனது. பிஎம்டபிள்யூவும் எஸ்ஜிஎல் நிறுவனமும் கூட்டாக ஐ3 மின்காருக்கான கறுப்புக் கார்பன் துணியைச் செய்தது அங்கேதான். துணி என்றால் உண்மையிலேயே துணி. சுருளாக வரும், கத்தரித்தால் வெட்டுப்படும், கையில் தூக்கினால் தொங்கும். அதை அச்சில் வைத்துப் பிசினைப் பாய்ச்சி இறுக்கினால் சில நிமிடங்களில் கல்லாகும். அப்படிச் செய்த துண்டுகளை ஒட்டித்தான் நான்கு பேர் உட்காரும் கூடு உருவானது.

அந்தத் துணியை முன்னால் விரித்துப் பார்ப்பவருக்கு 1,500 ஆண்டுப் பழைய வழக்கொன்று நினைவுக்கு வர வேண்டும். இழைகள் இருக்கின்றன, சரி. இழைகளுக்கு மேலாக, ‘துணி’ என்று தனியாக ஒரு பொருள் இருக்கிறதா?

இந்தியத் தத்துவ நூல்களில் நூலும் துணியும் ஓயாமல் வரும் உதாரணம். ‘உண்டு’ என்றார்கள் நியாய, வைசேஷிகத்தார். இழைகள் அவயவங்கள், துணி அவயவி. நூல் செய்யாத வேலையைத் துணி செய்கிறது, ஆகவே அது புதிதாகப் பிறந்த பொருள் என்பது அவர்கள் கட்சி. பௌத்தர்கள் மறுத்தார்கள். சேர்ந்து கிடக்கும் இழைகளுக்கு மனிதர் இட்ட பெயரே துணி. பெயருக்குப் பின்னால் தனிப்பொருள் ஏதும் இல்லை.

வாதம் துணியைப் பற்றியது போலத் தோன்றினாலும் அதில் வைத்த பணயம் மனிதன். கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி, சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று கேட்டது ‘நாகசேனர் யார்’ என்ற கேள்விக்கு விடை சொல்லத்தான். உறுப்புகளைக் கழித்தால் தேர் மிஞ்சாது என்றால், உறுப்புகளைக் கழித்தால் ஆளும் மிஞ்சமாட்டார். தமிழகத்துக்கும் இந்த வழக்கில் பங்குண்டு. பௌத்த அளவை நூலின் தலைமகனான திக்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது மரபு. நியாயத் தரப்பின் உத்தியோதகரர் நியாய வார்த்திகம் எழுதியது அவரைப் போன்றோருக்கு மறுப்புச் சொல்லத்தான்.

பௌத்தர் தரப்பின் கூர்மையான ஆயுதம் தராசு. நூலைத் தனியே நிறுத்துப் பார். பிறகு அதே நூலை நெய்து நிறுத்துப் பார். துணி வேறு பொருளானால் தட்டு இன்னும் கொஞ்சம் தாழ வேண்டுமே, ஏன் தாழவில்லை?

நியாய சூத்திரத்திடம் வேறொரு சான்று இருந்தது: பிடித்தலும் இழுத்தலும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் வருகிறது. ஆகவே முழுமை என்று ஒன்று உண்டு. கார்பன் துணி செய்கிற பொறியாளர்கள் நாள் முழுக்கச் செய்யும் சோதனையும் இதுதான். ஒரு பட்டையைப் பிடிப்பது, இழுப்பது, எவ்வளவு தாங்குகிறது என்று குறிப்பது. ஆனால் இந்தச் சான்றைக் கவிழ்த்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனரே இடைமறிக்கிறார். புல்லையும் கல்லையும் கட்டையையும் அரக்கு வைத்து ஒட்டினால், ஒன்றைப் பிடித்து இழுக்கும்போது மற்றவையும் வருகின்றன. அதனால் அங்கே புதுப்பொருள் பிறந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இழுத்தால் வருவது பற்றுதலின் வேலை, முழுமையின் வேலை அல்ல என்கிறார். சொந்தக் கட்சியின் சான்றையே இப்படி உரசிப் பார்த்த நேர்மைக்காகவே அவரை வணங்கலாம்.

அரக்கில் ஒட்டிய புல். கார்பன் பாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வருணனை கிடையாது. புல்லின் இடத்தில் 7 மைக்ரான் தடிமனுள்ள கரி இழை, தலைமயிரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அரக்கின் இடத்தில் எப்பாக்சி பிசின். அப்படியானால் ஐ3-இன் கூடு ஒட்டவைத்த கட்டு மட்டும்தானா?

விடைக்கு இயந்திரத்தின் அருகே போக வேண்டும். ஐ3-இன் இழை ஜப்பானின் ஓடாகேயில் வெள்ளை நூலாகப் பிறந்து, அமெரிக்காவின் மோசஸ் லேக்கில் நீர்மின்சார உலையில் கருகி, ஏறத்தாழப் பாதி எடையை இழந்து வந்து சேர்ந்தது. ஒரு கற்றையில் 50,000 இழைகள். கற்றைகள் உருளைகளின் மேல் ஏறி இறங்கும்போது நாடாவாகப் பரந்துவிடுகின்றன. ஒரு வண்டி அந்த நாடாவை இழுத்துக்கொண்டு சாய்வாக ஓடுகிறது. இரு ஓரங்களிலும் நகரும் சங்கிலிகளின் முட்களில் அதை மாட்டிவிட்டுத் திரும்புகிறது. ஓர் அடுக்கு +45 பாகை, அடுத்தது -45, பிறகு 90, சில சமயம் நீளவாக்கில் 0. எல்லா அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்ததும், வரிசையாக நிற்கும் ஊசிகள் கீழும் மேலும் குத்தி, மெல்லிய பாலியஸ்டர் நூலால் கண்ணி போட்டுக் கட்டுகின்றன. ஊசி புகுந்த இடத்தில் இழைகள் விலகி, மீன்கண் போல ஒரு சிறு இடைவெளி திறக்கிறது. பிற்பாடு பிசின் உள்ளே இறங்குவதற்கு அதுவும் ஒரு வழி. கட்டும் நூலின் எடை சதுர மீட்டருக்குப் பெரும்பாலும் 10 கிராம்கூட வராது.

இதில் நெசவே இல்லை. தறியில் பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்கும். பருத்திக்கும் பட்டுக்கும் அதுவே உறுதி. கார்பனுக்கு அந்த வளைவு கேடு, ஏனென்றால் அழுத்தம் வரும்போது வளைந்த இடம்தான் முதலில் நெளியும். அதனால் இழைகளை நேராகக் கிடத்திக் கட்டுகிறார்கள். ஜெர்மானியர் இதற்கு ‘கெலெகே’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கிடத்தியது என்று பொருள். நெய்த துணிக்கு அவர்களிடம் ‘கெவேபே’ என்று வேறு சொல் இருக்கிறது. ஏர்பஸ் ஏ380-இன் பின்பக்க அழுத்தத் தடுப்பு கிடத்திய வகைத் துணியில் ஆனது. ஏ220-இன் இறக்கைகளும் இத்தகைய துணியில்தான், பெல்ஃபாஸ்டில் பிறக்கின்றன. முதல் உலகப் போரில் விமான இறக்கைகளைப் போர்த்தச் ஆளிநார் லினன் துணியை அனுப்பிய அதே பெல்ஃபாஸ்ட்.

இனித் தராசுக்கு வரலாம். எல்லா இழைகளையும் ஒரே திசையில் கிடத்தி ஒட்டிய பட்டையை இழையோட்டத்தில் இழுத்தால் அதன் விறைப்பு ஏறத்தாழ 130 கிகாபாஸ்கல். அதே பட்டையைக் குறுக்கே இழுத்தால் 10-ஐ ஒட்டித்தான் நிற்கும். இப்போது அதே எடை இழையை நான்கு திசைகளுக்கும் சமமாகப் பிரித்துக் கிடத்தினால், தளத்தில் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறத்தாழ 50. தராசு முள் அசையவில்லை. இழை கூடவில்லை, பிசின் கூடவில்லை. மாறியது கோணம். தனி இழையைத் திருகினால் அது திருகிக்கொண்டே போகும். ±45 பாகையில் கிடத்திய அடுக்குகள் திருகலை எதிர்த்து நிற்கும்.

கோணத்துக்கு எடை கிடையாது, ஆனால் சுமையைத் தாங்குவது அதுதான். இங்கே பௌத்தரின் தராசு பொய் சொல்லவில்லை. தராசால் அளக்க முடியாத ஒன்றை அதனிடம் கேட்டுவிட்டார்கள். எடையில்லாதது எல்லாம் வெறும் பெயர் என்று முடிவுகட்டியதுதான் பிழை. வாத்ஸ்யாயனரின் அரக்குக் கட்டிலோ பற்றுதல் உண்டு, ஒழுங்கு கிடையாது. புல்லை எப்படிப் போட்டாலும் அது அரக்குக் கட்டுதான். கார்பன் துணியை எப்படிப் போட்டாலும் அது காரின் கூடு ஆகாது.

சைவ சித்தாந்தி இந்த இடத்தில் குறுக்கிடுவார். அவர் சற்காரியவாதி, இல்லாதது தோன்றாது என்பவர். திருகலைத் தாங்கும் திறன் இழைக்குள் சத்தி வடிவில் முன்பே இருந்தது என்பார். இருக்கலாம். ஆனால் குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றையும் பிரித்துக் கற்பித்ததும் அவர் மரபுதான். 45 என்ற எண் எந்த இழையிலும் எழுதப்படவில்லை. வண்டி ஓடும் சாய்வை யாரோ கணக்கிட்டுக் குறித்துக் கொடுத்தார்கள். இங்கே நிமித்த காரணத்தை ஒதுக்கிவிட்டு ஓர் அடி நகர முடியாது.

துணி அழியும்போது இது இன்னும் தெளிவாகிறது. பழைய பாகத்தைக் காற்றுப் புகாத உலையில் சூடேற்றினால் பிசின் சிதைந்து போகும், இழை தப்பிவிடும். தப்பிய இழையின் வலு பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆனால் அது துண்டு துண்டாக, திக்குக்கொன்றாகக் கிடக்கும். அதைக் கம்பளம் போலப் பரப்பி விரிப்பாக்கலாம். சுமை குறைந்த இடங்களில் போடலாம். பழைய பாகத்தின் வேலையை அது செய்யாது. இழை இருக்கிறது, எடை இருக்கிறது, கூடு இல்லை. வெறும் பெயர்தான் அழிந்தது என்று இதைப் பார்த்த பிறகும் சொல்வது கடினம்.

அப்படியானால் உயிரும் இத்தகைய ஒழுங்குதானா? உடலைக் கிடத்திவைத்த முறைக்குப் பெயர்தான் ஆன்மாவா? இந்த இடத்தில் கார்பன் துணியைத் துணைக்கு அழைப்பது தவறு. அழிந்த ஒழுங்கு வேறெங்கும் போய்ச் சேர்வதில்லை. மறுபிறவிக்கு அது சாட்சி சொல்லாது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் உயிருக்கு வாதாடியபோது முழுமையை நம்பி வாதாடவும் இல்லை. உடலை மாயை தந்த இயந்திரமாகவே அவர் ஒப்புக்கொள்கிறார். மனிதன் ‘என் உடல்’ என்கிறானே, அப்படிச் சொல்பவன் உடலின் வேறானவன் என்பது அவர் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் ஒன்று. எத்தனை பாகையில் கிடத்தினாலும் துணி ‘என் இழை’ என்று சொல்வதில்லை.

ஆகவே தீர்ப்பை இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். அவயவி உண்டா என்ற வழக்கில் நியாயத்தார் பக்கம் தீர்ப்பு, பௌத்தரின் தராசு சரியாக நிறுத்தது என்ற குறிப்போடு. அறிபவன் உண்டா என்ற வழக்கில் இந்தத் துணி சாட்சியே அல்ல. அந்த வழக்கைத் தொடர விரும்பும் வாசகர் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரட்டும்.