விழுந்து காட்டும் சீடர்கள்

இருபது நொடி! அவ்வளவே. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், சீன நாட்டின் செங்டு நகரில், கலப்புச் சண்டை வீரர் சூ சியாவோதுங் என்பாரும் தாய் சி ஆசான் வெய் லெய் என்பாரும் எதிரெதிரே நின்றனர். ஏறத்தாழ இருபது நொடிக்குள் ஆசான் தரையில் கிடந்தார். அவர்மீது விழுந்த குத்துகளை இடையே புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்புதான் இதே ஆசான் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றித் தம் உள்ளங்கையில் ஒரு புறாவை நிறுத்தினார். அது பறக்கவொட்டாமல் தம் உள்ளாற்றல் தடுப்பதாகக் காட்டினார். தர்ப்பூசணியின் தோல் சிதையாமல் உள்ளிருக்கும் சதையை மட்டும் சிதைத்ததாகவும் காட்டினார். புறா பறக்கவில்லை, பழத்தின் தோல் பிளக்கவில்லை. ஆனால் செங்டுவில் எதிரே நின்றவன் புறாவும் அல்லன், பழமும் அல்லன்!

அன்று மாலையே அந்நாட்டில் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும்: "இத்தனை காலம் எதை நம்பினோம்?" எழுந்ததோ சினம். பண்பாட்டைப் பழித்துவிட்டான் என்ற கூக்குரல் கிளம்பியது. தற்காப்புக் கலைச் சங்கம் கண்டன அறிக்கை விடுத்தது. சூவின் வலைத்தளக் கணக்கு மறைந்தது. பின்னர், வேறொரு மூத்த ஆசானை ஏமாற்றுக்காரர் என்று ஏசியதற்காக 2019இல் நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கப் பணித்தது. ஏசுவது வாதமாகாது, அந்த அளவில் நமக்கு அத்தீர்ப்போடு வழக்கில்லை. சூ வாய்த்துடுக்கு மிகுந்தவர்தாம். ஆனால், துடுக்கன் கேட்டான் என்பதனால் கேள்வி பொய்த்துப் போகுமா?

தாய் சி தொன்மையானதா, மெய்யான மரபுடையதா என்பது ஒரு கேள்வி. தெருவில் ஒருவன் கத்தியோடு வந்தால் அது காக்குமா என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கு விடை கேட்டால் பின்னதைக் கூறுவதும், பின்னதற்கு விடை கேட்டால் முன்னதற்குள் ஓடி ஒளிவதும் அக்கலையின் காவலர்களுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. "காக்குமா?" என்றால், "ஆயிரம் ஆண்டுப் பழமை அன்றோ!" என்கின்றனர். முடிச்சை அவிழ்த்துப் பார்ப்போம்.

பழமைக் கதை இது: ஊடாங் மலையில் சாங் சான்ஃபெங் என்றொரு தாவோ துறவி இருந்தாராம், பறவையும் பாம்பும் போரிட்டதைக் கண்டாராம், வன்மையை மென்மை வெல்லும் நுட்பம் உதித்ததாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இக்கதையைக் கையில் எடுத்துக் கடைந்தவர் ஒரு சீனரே என்பதை நாம் மகிழ்வோடு குறிப்பிட வேண்டும். தாங் ஹாவ் என்னும் அவர் சட்டம் பயின்றவர்; தற்காப்புக் கலையும் பயின்றவர். 1930இல் அவர் வெளியிட்ட நூல், சான்ஃபெங் கதையும் ஷாவோலின் மடத்துப் போதிதருமர் கதையும் பிற்காலப் புனைவுகள் என்று சான்று காட்டிற்று. பின்னர் அவர் ஹெனான் மாநிலத்தின் சென் சிற்றூருக்கே சென்று, குடும்ப ஏடுகளைப் புரட்டி, பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங் என்னும் படைவீரரிடம் இக்கலையின் தொடக்கத்தைக் கண்டார். அதற்கும் முன்னே மிங் பேரரசின் படைத்தலைவர் சி ஜிகுவாங் தொகுத்த முப்பத்திரண்டு கைப்போர் நிலைகளுள் பெரும்பாலானவை சென் குடும்பத்தின் பயிற்சியில் இருப்பதையும் எடுத்துக் காட்டினார். தாய் சி என்ற பெயரே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இக்கலைக்கு வந்து ஒட்டியது. துறவியின் கனவன்று, உழவரும் படைவீரரும் ஊர்க்காவலுக்காகப் பழகியது. நம்மைக் கேட்டால் இதுவே பெருமை. உழைப்பவன் கண்டதை மறைத்து, மலையுச்சியில் அமர்ந்தவன் கண்டதாகக் கூறும் வழக்கம் எந்த நாட்டில்தான் இல்லை!

தோழர்களே, சிரிப்பதற்கு முன் நம் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். போதிதருமர் காஞ்சிப் பல்லவ இளவரசர், அவரே சீனர்க்குப் போர்க்கலை ஈந்தவர் என்று நம்மவர் மார்தட்டுகின்றனர். 2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்தபின் அந்தத் தட்டல் இன்னும் ஓங்கி ஒலிக்கிறது. போதிதருமரைத் தென்னிந்தியர் என்னும் பழங்குறிப்பு உண்டு. 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட நூலோ அவரைப் பாரசீகர் என்கிறது. இரண்டிலும் இல்லாதது ஒன்று: அவர் எவருக்கும் குத்தும் உதையும் கற்பித்தார் என்பது. அது ஆயிரம் ஆண்டு கழித்து, பதினேழாம் நூற்றாண்டில், பொய் முன்னுரை சூட்டப்பெற்ற ஒரு பயிற்சி நூலை ஒட்டிக் கிளைத்த கதை. சான்ஃபெங்கைத் தள்ளிய அதே கை போதிதருமரையும் தள்ளத்தான் வேண்டும். தமிழன் என்று சொன்னதும் நம் பகுத்தறிவு கண்ணயர்ந்து விடுமானால், அதற்குப் பகுத்தறிவு என்று பெயரிடுவானேன்?

பழமை இருக்கட்டும். சான்ஃபெங் உண்மையிலேயே மலையில் பாம்பைக் கண்டிருந்தாலும் அதனால் ஒரு குத்துக்கூட வலுப்பெறாது. நேற்றுத் தோன்றிய கலையாயினும் காக்குமானால் காக்கும்.

அப்படியானால் தாய் சி ஒருகாலத்தில் போர்க்கலையாக இருந்ததா? இருந்தது. சென் ஊரில் கற்றுப் பெய்சிங் சென்று கற்பித்த யாங் லூசான் வெல்லற்கரியவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய பெயரர் யாங் செங்ஃபு காலத்தில் பாய்ச்சலும் அதிர்வும் குறைந்து, மெல்லியதும் சீரானதுமான இன்றைய நடை பரவியது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை மக்கள் உடல்நலத்துக்கென இருபத்து நான்கு நிலைகள் கொண்ட சுருக்க வடிவை வகுத்தது. பூங்காவில் முதியோர் செய்வது பெரும்பாலும் இதுவே. இதில் யாதொரு குற்றமும் இல்லை. கலப்பையாக மாற்றிய வாளை இன்னும் வாள் என்று விற்பதில்தான் குற்றம்.

1954ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் மக்காவில் நடந்த ஒரு போட்டியை இங்கே நினைவுகூரலாம். தாய் சி மரபின் ஊ குங்யீ, வெண்கொக்கு மரபின் சான் ஹக்ஃபு இருவரும் அறநிதிக்காக மேடையேறினர். ஊவுக்கு ஐம்பத்து மூன்று வயது. எதிரி அவரினும் மிக இளையவர். கூட்டம் அலைமோதியது. நிகழ்ந்தது என்ன? ஒருவரும் காற்றில் பறக்கவில்லை. தொடாமல் எவரும் வீழ்த்தப்படவில்லை. கைகள் தாறுமாறாகச் சுழன்றன. சானின் மூக்கில் குருதி வழிந்தது. இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தி, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்று அறிவித்தனர். நாம் அவ்விருவரையும் மதிக்கிறோம். தம் கலையை ஊரறிய உரைகல்லில் உரசத் துணிந்தவர்கள் அவர்கள். வேடிக்கை அதன்பின் நடந்தது. மூன்றே நாளில் ஹாங்காங் மாலை நாளேடொன்று லியாங் யூசெங் எழுதிய வீரசாகசத் தொடர்கதையைத் தொடங்கியது. மக்கள் மூக்கில் வழிந்த குருதியை மறந்து, கதையில் பறந்த வீரரை நெஞ்சில் ஏற்றினர்!

இனி, நம்மை மிகவும் உறுத்தும் இடத்துக்கு வருவோம். ஆசான் விரலால் தொடுகிறார். சீடன் ஐந்தடி தள்ளிப் போய் விழுகிறான். சில ஆசான்கள் தொடுவதும் இல்லை. கையை அசைத்தாலே போதும், சீடர் வரிசை சாய்கிறது. பார்த்ததும் "பித்தலாட்டம்!" என்று கூறிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். வெறும் எத்தன் எவனும் மெய்யான சண்டைக்காரன் முன் மேடை ஏறமாட்டான். தன் பொய் தனக்குத் தெரியும் அன்றோ! 2020ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், மா பாவோகுவோ என்னும் தாய் சி ஆசான் அறுபத்தொன்பது வயதில் மேடையேறினார். அரை நிமிட அளவில் மும்முறை வீழ்ந்தார். மூன்றாம் முறை எழவில்லை. எதிரியும் ஐம்பது வயதை ஒட்டியவர். எந்த நம்பிக்கையில் அந்த முதியவர் ஏறியிருப்பார்? ஆண்டுக்கணக்கில் சீடர்கள் விழுந்து விழுந்து ஊட்டிய நம்பிக்கையில்தான்!

சீடன் ஏன் விழுகிறான்? கைதள்ளும் பயிற்சியில் எதிரியின் விசையை உணர்ந்து வளைந்து கொடுக்கக் கற்பிக்கின்றனர். நல்லதே. ஆனால், ஆசான் தள்ளும்போது வளையாமல் நிற்கும் புதியவனிடம், "உனக்கு இன்னும் உணர்வு வரவில்லை" என்கின்றனர் மூத்தோர். விழாதிருப்பது அறியாமை ஆகிவிடுகிறது. விழுவது தேர்ச்சி ஆகிவிடுகிறது. முதல் திங்களில் மரியாதைக்காகச் சற்றுச் சாய்கிறான். ஓராண்டில் தன்னை அறியாமல் சாய்கிறான். ஐந்தாண்டில் தன்னைச் சாய்த்தது ஏதோ பேராற்றல் என்று சத்தியம் செய்கிறான். அவன் பொய் சொல்லவில்லை; தன் உடலையே பொய் சொல்லப் பழக்கிவிட்டான். தன்மானம் இழப்பதில் இதனினும் ஆழமான வகை உண்டா? கட்டைவிரலைக் கொடுத்த ஏகலைவன் கொடுத்ததையாவது அறிந்திருந்தான். இவனோ தன் கால்களை ஆசான் வசம் ஒப்படைத்துவிட்டு, நிற்பதாக எண்ணிக் கொண்டிருக்கிறான்.

ஆசானின் நிலையும் இரங்கத் தக்கதே. வகுப்பறையில் நிற்பவர்க்கு இது விளங்கும். "புரிந்ததா?" என்று கேட்டதும் நாற்பது தலைகள் ஒருசேர அசையும்போது எத்துணை இன்பம்! தேர்வுத்தாள் வரும் வரையில் நாமும் நல்லாசிரியர் என்றே நம்பிக் கொண்டிருக்கிறோம். தேர்வே இல்லாத பள்ளி ஒன்றில் முப்பதாண்டு கற்பித்தால் நாமும் நம்மை மேதை என்றுதான் எண்ணியிருப்போம்.

தேர்வை உள்ளேயே வைத்தவர் ஒருவர் உண்டு. சப்பானியர் கானோ சிகோரோ, 1882இல் டோக்கியோவில் சூடோப் பள்ளியை நிறுவியவர். உயிருக்கு ஊறு செய்யும் அடிகளை அன்றாட எதிர்ப்புப் பயிற்சியிலிருந்து விலக்கினார். அதனால் கலை வலுவிழக்கும் என்றுதானே தோன்றும்? நேர்மாறு! ஊறில்லாத பிடிகளை மாணவர் நாள்தோறும் முழு வலிமையோடு, எதிர்த்து மல்லுக்கு நிற்கும் தோழன்மேல் பழக முடிந்தது. விழ விரும்பாதவனை வீழ்த்திப் பழகியவர்கள் அவர்கள். கொடிய அடியைக் காற்றில் வீசிப் பழகியவனைவிட எளிய பிடியை எதிர்ப்பவன்மேல் பழகியவன் மேலானவன். தாய் சியிலும் இவ்வாறு மெய்யாகவே தள்ளி, பற்றி, வீழ்த்திப் பயில்வோர் உண்டு. அவர்கள் நல்ல மற்போர் வீரர்களாகவும் திகழ்கின்றனர். குறை பெயரில் இல்லை, பயிலும் முறையில்தான் என்பதற்கு அவர்களே சான்று. ஆகவே, ஒரு வெய் லெய் வீழ்ந்ததால் கலையே வீழ்ந்தது என்று நாம் கூறமாட்டோம். வீழ்ந்தது, சோதனைக்கு உட்படாத இறுமாப்பு.

"தோற்றவர் மெய்யான ஆசான் அல்லர், மெய்யானவர் சண்டைக்கு வரமாட்டார்" என்பர் சிலர். கோயில் கொள்ளை போனபோது, "கடவுள் சோதிக்கிறார்" என்று கூறும் பூசாரியின் குரல் இதில் கேட்கவில்லையா? எது நடந்தாலும் அசையாத கொள்கை எதையும் கூறாத கொள்கை.

இவ்வளவு சினம் எதற்கு, யாரோ சிலர் கற்பனையில் மகிழட்டுமே என்று கேட்பவர்க்கு 1900ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். அயலார் ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த சீனக் குத்துவீரர் இயக்கத்தினர், சடங்கும் மந்திரமும் தம்மைத் துப்பாக்கிக் குண்டு துளைக்காமல் காக்கும் என்று நம்பினர். அவர்களின் சினம் நியாயமானது. ஏழை உழவர் மக்கள் அவர்கள். குண்டு துளைத்தது. மந்திரம் கற்பித்தவன்மேல் எத்தனை உயிர்ப்பழி! அதனால்தான் 1918இல் குத்துக்கலையை நாட்டுப் பெருமையாக்கும் முயற்சி மீண்டும் தலைதூக்கியபோது லூ சுன் கடுமையாகத் தாக்கி எழுதினார். சொந்த நாட்டு மரபைத் தாக்குகிறான் என்ற பழியை அவரும் சுமந்தார்.

இன்று குண்டு இல்லை. ஆனால், இரவுப் பணி முடிந்து தனியே வீடு திரும்பும் பெண் இருக்கிறாள். "தற்காப்பு" என்ற பலகையைக் கண்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டணம் செலுத்துகிறாள். ஓட வேண்டிய நொடியில் அவள் ஓடாமல் நின்று, கையை மெல்லச் சுழற்றினால்? அந்தப் பலகையை எழுதியவன் வெறும் கற்பனையை விற்றானா, அவளுடைய ஓட்டத்தைத் திருடினானா?

சோதனை, பறிப்பதற்கு மட்டும் அன்று, கொடுப்பதற்கும் உண்டு. 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் நோயுற்ற 195 பேரை மூன்று குழுவாக்கி, கிழமைக்கு இருமுறை வீதம் 24 கிழமை பயிற்றுவித்தனர். தாய் சி செய்தோர் உடல் நிலைப்பாட்டில் மற்ற இரு குழுவினரையும் விஞ்சினர். தசை நீட்டும் பயிற்சி செய்தோரைவிடக் குறைவாகவே விழுந்தனர். முதியோர் விழுவது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, தாய் சி அவ்விழுகைகளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கக் கூடும் என்கிறது. அதற்கான சான்று இன்னும் உறுதி குறைந்தது என்றும் சேர்த்தே கூறுகிறது. இந்த அடக்கம்தான் நமக்குப் பிடித்திருக்கிறது! எழுபது வயது மூதாட்டிக்குப் பகைவன் தெருத்திருடன் அல்லன், குளியலறையின் ஈரத்தரை. அவளுக்குத் தாய் சி மெய்யாகவே தற்காப்பு. சீடர் விழுந்து காட்டியதால் கிடைத்த பெருமையன்று இது. நோயாளிகள் விழாமல் நின்று காட்டியதால் கிடைத்தது.

கடற்கொள்ளையரோடு மெய்யாகவே போரிட்ட அந்தப் படைத்தலைவர் சி ஜிகுவாங், தம் நூலில் கைப்போர் பற்றி எழுதப் புகுந்தபோது, பெரும் போரில் இதனால் பயன் அதிகம் இல்லை என்றே தொடங்கினார். கைகால்களைச் சுறுசுறுப்பாக்கும், புதியவர் நுழையும் வாயிலாக அமையும் என்றார். அந்த நிலைகளைத்தான் பின்வந்தோர் எடுத்துக் கொண்டனர். அவற்றுக்கு மேலே அவர் எழுதியிருந்த வரியை மட்டும் விட்டுவிட்டனர்.