வழிவழிச் சமயமும் தேர்ந்த சமயமும்

பெரும்பாலோருக்குச் சமயம் வீட்டோடு வருகிறது. குழந்தை பேசத் தொடங்கும் முன்பே குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தியாகிவிடும். அல்லது பிறந்ததுமே காதில் பாங்கு சொல்லியாகிவிடும். அல்லது ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்திப் பிடித்துப் பெயர் வைத்தாகிவிடும். இவற்றில் எதற்கும் குழந்தையின் சம்மதத்தைக் கேட்பதில்லை. கேட்க வழியும் இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து சொந்தப் புத்தியால் யோசிக்கத் தொடங்கியபின், பெற்றோர் கொடுத்த சமயத்திலேயே இருப்பது கடமையா, உண்மையென்று மனத்தில் பட்டதை நாடிப் போகலாமா என்ற கேள்வி எழுகிறது. எல்லாருக்கும் எழுவதில்லை. எழுந்தவர்களின் வீட்டில் அது தத்துவத்தோடு நிற்பதில்லை. சொத்து, கல்யாணம், சுடுகாடு வரை போகிறது.

பரம்பரைக்காகச் சொல்லப்படும் நியாயம், அதை எதிர்ப்பவர்கள் நினைப்பதைவிட வலுவானது. இந்நாட்டுச் சமய வாழ்வில் பெரும்பகுதி, ஒப்புக்கொள்ளவேண்டிய கொள்கைகளாக அல்லாமல் செய்யவேண்டிய காரியங்களாகவே இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்துச் சாஸ்தா கோயில்களுக்கு வந்துசேரும் குடும்பங்கள், சாஸ்தா இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு ரயில் ஏறுவதில்லை. தாத்தா வந்தார், அப்பா வந்தார், வருகிறார்கள். பொங்கல் வைக்கும் இடத்தில் சித்தப்பா பிள்ளைகளைப் பார்க்கலாம். ஊரில் நிலம் போய், வீடு இடிந்து, பேர் தெரிந்தவர் யாரும் இல்லாமல் போனாலும் ‘எங்க சாஸ்தா’ என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் மிஞ்சுகிறது. இதை நிரூபணம் இல்லாதது என்று தள்ளுகிறவர், கருத்தோடு சேர்த்து உறவையும் ஆண்டின் நல்ல நாட்களையும் தள்ளுகிறார். தாய்மொழியை யாரும் ஆராய்ந்து எடுத்துக்கொள்வதில்லை, அதனால் அது பொய்யாகிவிடுவதும் இல்லை என்பது இந்தத் தரப்பின் சிறந்த உவமை.

அந்த உவமை பாதித் தூரம்தான் வரும். செத்தபின் உயிர் எங்கே போகிறது என்று மொழி எதையும் சாதிப்பதில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்று விதிப்பதும் இல்லை. சமயம் இரண்டையும் செய்கிறது. ஒன்றை உண்மை என்று சொன்னபிறகு, ‘என் அப்பா சொன்னார்’ என்பது அதற்குச் சான்றாகாது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் அறிவுத் தேடலைப் பற்றி எழுதும்போது இந்த இடத்தைத் தொடுகிறார்: கிறித்தவர் பிள்ளைகள் கிறித்தவராகவும் யூதர் பிள்ளைகள் யூதராகவும் முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிமாகவுமே வளர்வதைக் கவனித்தபோது, பெற்றோர் சொல்லை அப்படியே ஏற்கும் பழக்கம் அவரிடம் அறுந்துபோனது. 1095-இல் பாக்தாதில் பெரும் ஆசிரியப் பதவியை விட்டுவிட்டுக் கிளம்பினார். கடைசியில் அவர் வந்து நின்றது இஸ்லாத்தில்தான். புறப்பட்ட வீட்டுக்கே திரும்பியவரின் பயணம் வீண் என்று சொல்ல முடியாது. கேட்டுப்பார்த்து ஒன்றில் இருப்பவரும் கேட்காமலே இருப்பவரும் வெளிப்பார்வைக்கு ஒரே தொழுகை வரிசையில் நிற்பார்கள், அவ்வளவே.

தமிழில் இப்படிக் கேட்டுப்பார்த்தவள் மணிமேகலை. வஞ்சி நகரில் அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைச் சொல்லக் கேட்கிறாள். இளம்பெண்ணாகப் போகாமல் ஆண் தவசியின் வடிவெடுத்துப் போகிறாள் என்பது, ஆராய்ந்து தேரும் உரிமை அன்று யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. கண்ணால் காண்பது தவிர வேறு அளவையை ஏற்பதில்லை என்ற பூதவாதியிடம், அப்படியானால் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று கேட்டு மடக்குகிறாள். பெற்றோர் இன்னார் என்பதே ஊகித்தும் பிறர் சொல்லியும் அறிவதுதான் என்றால், பரம்பரையை முற்றிலும் உதறி வெற்றிடத்திலிருந்து தேர்வு செய்வது யாராலும் ஆகாது. அவள் முடிவில் அறவண அடிகளிடம் ஏற்ற பௌத்தமும், தாய் மாதவி அதே அடிகளிடம் முன்பே ஏற்றதுதான்.

பெண்ணைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முன்னோர் தெய்வத்தை விடுவது பாவம் என்று மகனிடம் சொல்லும் அதே வீடு, மகளுக்குக் கல்யாணமானதும் அதை விட்டுவிடும்படி அவளிடம் சொல்கிறது. அன்றுமுதல் அவளுக்குப் புருஷன் வீட்டுக் குலதெய்வம். குழந்தைக்கு முதல் மொட்டையும் அங்கேதான். கோயில் வரியைத் தலைக்கட்டுக் கணக்கில் பிரிக்கும் ஊர்களில் கட்டிக்கொடுத்த மகள் பிறந்த வீட்டுக் கணக்கில் வருவதில்லை. இதை யாரும் மதமாற்றம் என்று அழைப்பதில்லை. ஆகவே வழிவழிக் கடமை என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி தெய்வத்துக்கானது. இன்னொரு பகுதி தகப்பன்வழி அறாமல் இருப்பதற்கானது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் வாதம் தெளியும்.

சமயம் மாறியவரிடம் உலகம் முதலில் கேட்பது, ‘எதற்காக?’ என்பது. பிறந்த சமயத்திலேயே இருப்பவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவர் சொத்துக்காகவோ சோம்பலாலோ இருக்கலாம், விசாரணை கிடையாது. மாறியவருக்கோ, காரணம் கலப்பற்றதாக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு. ஏழாம் நூற்றாண்டில் திருவாமூரில் சைவக் குடும்பத்தில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலை நோய் தாங்காமல் தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். திருநீறு பூசி, பாடி, நோய் நீங்கி, நாவுக்கரசர் ஆனார் என்பது பெரியபுராணம். வயிற்றுவலி தீர்ந்ததால் சமயம் மாறியவர் என்று அவரை எவரும் குறைத்துப் பேசுவதில்லை. பேசவும் கூடாது. துன்பத்தில் தேடுவதும், தேடிய இடத்தில் ஆறுதல் கிடைத்தால் தங்குவதும் மனித இயல்பு. ஆனால் ஜெபத்தால் காய்ச்சல் தீர்ந்தது என்று இன்று ஒரு கூலித் தொழிலாளி சபைக்குப் போகத் தொடங்கினால், அதே நிகழ்ச்சிக்கு ஆசைகாட்டல் என்று பெயர் கிடைக்கிறது. (சமணர் தரப்பில் தருமசேனரின் கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கும் என்பது சுவையான கேள்வி. நம் கையில் இருப்பது வென்றவர்கள் எழுதியது.)

சட்டமும் நோக்கத்தைத் தோண்டுகிறது. மனச்சான்றின் சுதந்திரத்தையும் சமயத்தைப் பரப்பும் உரிமையையும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் விளக்கியது. வன்முறையும் ஏமாற்றும் தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளிக்கூடம், மருத்துவம், மரியாதை ஆகியவற்றை ஒரு சமூகம் தன் ஆட்களில் ஒரு பகுதிக்கு மறுத்துவிட்டு, அடுத்தவர் அதைக் கொடுக்கும்போது ஆசைகாட்டல் என்று குற்றம் சாட்டுவது வலுவற்ற வாதம். தமிழ்நாடு 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றி, 2004-இல் அதைத் திரும்பப் பெற்றது.

மரியாதைக்காக மாறுவது சமயக் காரணம்தானா என்ற ஐயத்துக்கு அம்பேத்கரின் வாழ்க்கையில் விடை தேடலாம். இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்ற பொருளில் அவர் இயோலாவில் அறிவித்தது 1935 அக்டோபரில். நாகபுரியில் பௌத்த தீட்சை பெற்றது 1956 அக்டோபர் 14-இல். நடுவில் 21 ஆண்டுகள். சீக்கியத்தைத் தீவிரமாக எண்ணிப் பார்த்தார், மற்றவற்றையும் எடைபோட்டார். மனிதனைத் தாழ்ந்தவன் என்று சொல்லாதது ஒரு சமயத்துக்கு இருக்கவேண்டிய முதல் தகுதி என்று கொண்டால், மரியாதை சமயத்துக்கு வெளியே இருக்கும் காரணமாகாது. அயோத்திதாசர் வேறு வழியில் போனார். 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்ற அவர், அது புதிய சமயம் அன்று, தம் மக்களுக்கு முன்னோர் விட்டுச்சென்றது, இடையில் பறிக்கப்பட்டது என்று வாதாடினார். தேர்வையே மரபாகச் சொன்னார். அம்பேத்கரோடு ஒரே நாளில் தீட்சை பெற்ற லட்சக்கணக்கானவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆராய்ந்திருக்க முடியாது. நம்பிய தலைவரின் ஆராய்ச்சியை நம்பினார்கள். 2011 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் பௌத்தர் சுமார் 65 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் பிறப்பால் பௌத்தர். ஒருவரின் தேர்வு, அடுத்த தலைமுறைக்குப் பரம்பரை.

தேர்ந்தவர்கள் பழைய வீட்டிலிருந்து எதையும் எடுத்துவராமல் வருவதும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கில எழுத்தாளர் பனியனின் நூலைத் தழுவி அவர் எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. வைணவச் சூழலில் படித்த கம்பராமாயணம்தான் அந்தக் காப்பியத்துக்கு நடையும் சந்தமும் தந்தது.

மாறுவதற்கு உரிமை உண்டு என்று சொல்வது எளிது. அதற்கு என்ன விலை என்பதில்தான் நேர்மை தெரியும். பழைய இந்து சட்ட மரபில் சாதியிலிருந்து தள்ளப்பட்டவருக்குப் பங்கு இல்லை. பிண்டம் வைப்பவனுக்கே சொத்து, பிண்டம் வைக்க முடியாதவனுக்கு எதற்கு என்பது வாதம். இஸ்லாமிய வாரிசு முறையிலும் சமயத்தை விட்டவருக்குப் பங்கு கிடையாது. சமயம் மாறியதால் வாரிசுரிமை போகாது என்று 1850-இல் ஆங்கில அரசு 21ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தபோது இந்துக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. சொத்து ஒரு பொறுப்போடு வருகிறது, பொறுப்பை உதறியவர் சொத்தை மட்டும் கேட்கலாமா என்ற அவர்கள் கேள்வியில் பொருள் உண்டு. ஆனால் பணத்தைக் காட்டி ஒருவரைச் சமயத்துக்குள் இழுப்பது தவறென்றால், பணத்தைக் காட்டிச் சமயத்துக்குள் இருத்திவைப்பதும் அதே தவறுதான்.

இன்றைய சட்டம் பாதி வழியில் நிற்கிறது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, மாறியவருக்குப் பங்கு உண்டு. மாறியபின் அவருக்குப் பிறந்த பிள்ளைகள், வாரிசுரிமை எழும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர் சொத்தில் பங்கு பெற முடியாது. பட்டியல் சாதித் தகுதியோ 1950 ஆணையின்படி பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்து, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் நீட்டிக்கப்பட்டது. கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ மாறியவர் அதை இழக்கிறார். புதிய சமயத்திலும் தனிக் கல்லறையும் தனித் தெருவும் அவரை விடாமல் தொடர்ந்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. சாதி கூடவே வர, சலுகை மட்டும் நின்றுவிடுகிறது.

பிள்ளைக்கு எதையும் கற்பிக்காமல், பதினெட்டு வயதில் நீயே எடுத்துக்கொள் என்று விடும் பெற்றோர் நடுநிலையாளர் போலத் தோன்றுவார்கள். ஒரு சமயத்தையும் உள்ளிருந்து அறியாத பிள்ளைக்கு எடைபோட எதுவும் இருக்காது. அதுவும் பெற்றோர் செய்த ஒரு தேர்வுதான். கற்பிப்பது தவறில்லை. மற்றவர் நம்பிக்கையை இழிவாகச் சொல்லி வளர்ப்பதும், விலகினால் பாசம் அறும் என்று பயமுறுத்துவதும் தவறு. வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்பப் பெற்றோர் வழிகாட்டலாம் என்று 1989-இன் குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகிறது. திறன் வளர வளரப் பெற்றோரின் பிடி தளரவேண்டும் என்பது அதன் உட்பொருள். பெற்றோரில் ஒருவர் மாறிவிட்டாலோ, 1956 இந்து இளவர் பாதுகாவலர் சட்டப்படி அவர் இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படும் உரிமையை இழக்கிறார். குழந்தையின் நலனைப் பார்க்கும் முன்பே இயற்கைப் பாதுகாவலர் யார் என்பது முடிவாகிவிடுகிறது.

பிள்ளை பெற்றோருக்குக் கடன்பட்டிருப்பது எதில்? செயலில் கடன்படலாம்: சோறு, மருந்து, பொறுமை, காரியம். நம்பிக்கையில் கடன்பட முடியாது. நம்பச் சொல்லி யாரும் நம்பிவிடுவதில்லை, நடிக்கத்தான் முடியும். இந்தப் பிரிப்பு பெரும்பாலான வீடுகளில் வேலை செய்கிறது. மாறிய மகன் அம்மாவைச் சிவன் கோயில் வாசல் வரை கூட்டிப்போய்ச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அந்தப் பிரிப்பு சாவு வீட்டில்தான் முறிகிறது. ஏனென்றால் அங்கே செயலே நம்பிக்கையின் அறிக்கையாக எண்ணப்படுகிறது. அம்பேத்கர் தீட்சையின்போது ஏற்பித்த 22 உறுதிமொழிகளில் சிராத்தம் செய்யேன், பிண்டம் வையேன் என்பதும் ஒன்று. பல கிறித்தவ சபைகளும் கொள்ளி வைக்கச் சம்மதிப்பதில்லை.

இறந்தவரே சமயம் மாறியிருந்தால் சிக்கல் குறைவு: அவர் வாழ்ந்த சமயப்படி அவரை அடக்கம் செய்யவேண்டும்; உறவினரின் வருத்தம் அவர் சொல்லுக்கு மேல் நிற்காது. இறந்தவர் பழைய சமயத்திலும் மகன் புதிய சமயத்திலும் இருந்தால், தாயின் விருப்பத்தை நிறைவேற்றும் பொறுப்பு மகனுக்கு உண்டு. அவனே சட்டியைத் தூக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செலவைச் செய்யலாம், பாடைக்குத் தோள் கொடுக்கலாம், செய்கிறவரை ஏற்பாடு செய்யலாம். செய்வதற்கு ஆள் இல்லாமலும் போவதில்லை. கூடப்பிறந்தவள் அதே சமயத்தில், அதே வீட்டில், அழுதுகொண்டு நிற்கிறாள். மாறிவிட்ட மகனுக்கும் மாறாத மகளுக்கும் நடுவில், ஐந்து வீடு தள்ளியிருக்கும் பங்காளிப் பையனை எழுப்பிக் கூட்டிவர ஆள் அனுப்புகிறார்கள்.