சுதந்திரத்தின் அளவுகோல்

தன் நாட்டின் சுதந்திரத்தை மதிப்பிட விரும்பும் மனிதன் முதலிற் பிறநாடுகளையே நோக்குகிறான். சம்மாந்துறையில் இவ்வொப்பீடு ஏட்டிற் கற்றதன்று. எழுபதுகளின் பிற்பகுதி தொடக்கம் இவ்வூரவர் பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்து மீண்டுள்ளனர். அங்கே ‘கபீல்’ சம்மதியாமல் வேலை மாற முடியாதிருந்ததையும், கடவுச்சீட்டு அவனது பெட்டியிற் கிடந்ததையும் அனுபவித்தவர் தாயகத்தைப் புகழ்வதில் வியப்பில்லை. சவூதிப் பெண்கள் முதன்முதலில் வாக்களித்தது 2015இல், அதுவும் நகரசபைத் தேர்தலில். சுவிற்சர்லாந்துப் பெண்கள்கூடக் கூட்டாட்சி வாக்குரிமைக்காக 1971 வரை காத்திருந்தனர். இலங்கைப் பெண்களோ 1931இலேயே, டொனமூர் யாப்பின் கீழ், வாக்களித்துவிட்டனர்.

ஆயின் அதே மனிதர் மறுநாள் வளைகுடாவைப் புகழவுங் கூடும்: அங்கே தொழுகைக்குத் தடையேது, பள்ளிவாசலை எவர் தாக்குவர் என்பார். அவரை முரண்பட்டவரென நகைப்பது எளிது. உண்மையில் அவர் இரு வேறு சுதந்திரங்களைப் பற்றிப் பேசுகிறார். இரண்டிற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதுதான் இடர்.

1931 பற்றிய பெருமிதத்திலும் வசதியானதொரு மறதி உண்டு. அன்று வாக்களித்தோருள் மலையகத் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரும் அடங்குவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. எழுத்தறியாத கோடிக்கணக்கானோரை இந்தியா 1951-52இல் வாக்குச்சாவடிக்கு அழைத்தது. இலங்கையின் 1952 தேர்தலில் தேயிலைத் தோட்டத்து மக்களுட் பெரும்பாலோருக்கு இடமிருக்கவில்லை. அன்று இந்நாடு சுதந்திர நாடா என்ற வினாவைக் கொழும்பிற் கேட்பதும் லயத்திற் கேட்பதும் ஒன்றாகா.

கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு அவ்வினா 2020இல் நெருங்கி வந்தது. கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென அவ்வாண்டு ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தது. அடக்கம் செய்யவும் ஆகும் என்றே உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தடையின்றி வழங்குகிறது. நம்பிக்கையைச் செயலில் வெளிப்படுத்தும் உரிமையையோ பொதுச் சுகாதாரத்தின் பேரால் மட்டுப்படுத்த 15ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. ஜனாஸாவின் விதி இவ்விரண்டிற்கும் இடையிலே சிக்கியது. அடிப்படை உரிமை மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பரில் காரணங் கூறாது தள்ளுபடி செய்தது. பொரளை மயானத்து வாயிலில் மக்கள் வெண்துணிகளைக் கட்டினர்.

அம்மாதத்தில்தான், இலங்கை முஸ்லிம்களின் உடல்களை மாலைதீவில் அடக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. முஸ்லிமல்லாதார் குடியுரிமை பெறுவதைத் தடுப்பது அந்நாட்டின் 2008ஆம் ஆண்டு யாப்பு. எந்தப் பொது அளவுகோலிலும் மதச் சுதந்திரத்தில் இலங்கைக்குப் பின்னிற்கும் நாடு அது. எனினும், பிணவறை வாசலில் நின்ற மகனுக்கு அந்நாடே விரிந்த நிலமாகத் தோன்றியிருக்கும். அவன் தவறாகக் கண்டான் என்று எவரும் கூற இயலாது. ஆனால் மாலைதீவில் தன் மதத்தை வெளிப்படையாகப் பின்பற்ற இயலாத ஒருவனின் கண்ணையும் அவன் கடன்வாங்கிப் பார்த்தாலன்றி, அவனது ஒப்பீடும் கொழும்புக்காரனது ஒப்பீட்டைப் போலவே அரைகுறையாய் நின்றுவிடும்.

2021 பெப்ரவரியில் தடை நீங்கியது. 2024இல் அமைச்சரவை மன்னிப்பும் கோரியது. தடை நீங்கிய பின்னருங்கூட ஊர் மையவாடிகள் உடனே திறக்கப்படவில்லை. நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்று, ஓட்டமாவடியிலேதான் உடலை மண்ணில் வைக்க நேர்ந்தது.